கம்பஸ் மதிலும் திருநெல்வேலி ஒழுங்கைகளும்

புலம்பெயர்ந்து போய் நெடுங்காலத்துக்குப் பிறகு யாழ்ப்பாணம் வருகிறவர்களுக்குத் திருநெல்வேலிதான் அதிகம் மாறித் தெரிகிறது. பரமேஸ்வராச் சந்தியிலிருந்து இராமநாதன் வீதியில் திரும்பினால் போட்டோக் கொப்பிக் கடைகள், சாப்பாட்டுக் கடைகள், 'அறை வாடகைக்கு உண்டு' என்று படலையில் கட்டிய மட்டைகள். அவற்றுக்கு எதிரே பல்கலைக்கழக மதில், இரும்புக் கேற், சீருடைக் காவலாளி. அந்த மதில் ஊரைப் பிரிக்கும் கோடாக எப்போதும் இருந்ததில்லை. 1921இல் சேர் பொன். இராமநாதன் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில்தான் 1974இல் யாழ்ப்பாண வளாகம் பிறந்தது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானது. கல்லூரிக் காலத்துப் பரமேஸ்வரன் கோயில் இன்றும் வளாகத்துக்குள் இருக்கிறது. கோயில் உள்ளே இருக்கும்வரை ஊரை முழுதாக வெளியே நிறுத்த முடியாது. மருத்துவபீடமோ ஆடியபாதம் வீதியில் தனியே நிற்கிறது. அங்கே படிப்பவர்கள் வீடுகளுக்கு நடுவேதான் போய்வருகிறார்கள்.

கம்பஸுக்குப் பாதுகாப்பு என்று இன்று பேசுகிறவர்கள் மதிலை உயர்த்துவதையும் கமரா பூட்டுவதையும் காவலாளிகளைக் கூட்டுவதையுமே முதலில் சொல்கிறார்கள். அந்த மதிலின் வரலாறு வேறு பாடம் சொல்கிறது. 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் ஹெலிகொப்டரில் வந்து இறங்கியது பல்கலைக்கழக மைதானத்தில். அதோடு மூண்ட சண்டையில் உயிரிழந்தவர்களில் கொக்குவில் பிரம்படி ஒழுங்கையில் வாழ்ந்த சாதாரண சனமும் உண்டு. உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21 அன்று சுடப்பட்டது வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில். 2016 ஒக்டோபர் 20 இரவு கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியில் மோட்டார் சைக்கிளில் போன இரு மாணவர்கள் இறந்தார்கள். முதலில் அது விபத்து என்றே சொல்லப்பட்டது; துப்பாக்கிச் சூடு என்று தெரிந்த பிறகு ஐந்து பொலிஸார் கைதானார்கள். இந்த மூன்றில் எதையும் கேற்றும் காவலாளியும் தடுத்திருக்க முடியாது. மாணவர் நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது மதிலுக்கு வெளியே, வாடகை அறையிலும் தெருவிலும். ஆபத்து வந்ததும் பெரும்பாலும் அங்கேதான்.

மதிலுக்குள் நடந்ததையும் பார்ப்போம். 2021 ஜனவரி 8 இரவு முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோது கேற் பூட்டியிருந்தது. வெளியே பொலிஸும் படையினரும் நின்றார்கள். செய்தி பரவியதும் மாணவரோடு சேர்ந்து ஊர்ச் சனமும் அந்தக் கேற்றடியில்தான் திரண்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். வடக்கு கிழக்கில் கடையடைப்பு நடந்தது. ஜனவரி 11 காலையில் துணைவேந்தரே புதிய தூபிக்கு அடிக்கல் நாட்டினார். கேற்றைப் பூட்டிச் செய்த காரியத்தைத் திருத்தியது கேற்றுக்கு வெளியே நின்ற கூட்டம். பல்கலைக்கழகத்தைத் தன்னுடையது என்று நினைக்கிற ஒரு அயல்தான் அதற்கு வாய்த்த பெரிய காவல் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதற்கு மறுப்புகள் உண்டு. வாள்வெட்டுக் கும்பல்களும் போதைப்பொருளும் யாழ்ப்பாணத்தில் புழங்கும் காலத்தில் கதவைத் திறந்து வைக்கச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு என்பார்கள். பயம் நியாயமானது. ஆய்வுகூடத்துக்கும் விடுதிக்கும் பூட்டும் காவலும் வேண்டும். அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் போதைப்பொருள் விற்பவன் அறைகள் நிறைந்த ஒழுங்கையில் நின்றாலே போதும், மதில் ஏறத் தேவையில்லை. பகிடிவதையும் அப்படித்தான். 1998ஆம் ஆண்டின் சட்டம் அதைக் குற்றமாக்கியது. வளாகத்துக்குள் கண்காணிப்பு இறுகினால் அது வாடகை வீடுகளுக்கு நகரும். இரவில் முதலாம் வருடப் பெடியன் ஒருவன் அழும் சத்தம் கேட்பது கமராவுக்கு அல்ல, பக்கத்து வளவு அம்மாவுக்கு. அவர் யாருக்குச் சொல்வது? பல்கலைக்கழகத்தில் அயலவரின் முறைப்பாட்டைக் கேட்கவும் பெயர் வெளியே போகாமல் காக்கவும் பொறுப்பான ஒருவர் இருந்தால் மட்டுமே அந்தக் காது பயன்படும்.

இன்னொரு மறுப்பு எனக்குக் கனமாகப் படுகிறது. அயலின் கண் என்று நான் புகழ்வது, பெண் பிள்ளைகளுக்கு எத்தனை மணிக்கு அறைக்கு வருகிறாள், யாரோடு வருகிறாள் என்று எண்ணும் கண்ணாகவே பல தடவை இருந்திருக்கிறது. தெற்கிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் சிங்கள மாணவருக்கும் மலையகப் பிள்ளைகளுக்கும் அது சந்தேகக் கண்ணாக மாறலாம். இந்த ஆபத்தை நான் மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் பல்கலைக்கழகத்துக்கும் அயலுக்கும் உள்ள உறவை ஊர்வாய்க்கு விடக்கூடாது, எழுதப்பட்ட ஒழுங்காக்க வேண்டும் என்கிறேன். பல்கலைக்கழகமும் நல்லூர் பிரதேச சபையும் சனசமூக நிலையங்களும் மாணவர் ஒன்றியமும் ஒரே மேசையில் இருந்து அறைகளைப் பதிவு செய்யட்டும். வாடகையும் முற்பணமும் எழுத்தில் இருக்கட்டும். எந்த ஒழுங்கையில் லைற் எரியவில்லை என்று பார்க்கட்டும். ஒரு பெண்ணின் நடமாட்டம் யாருக்கும் முறைப்பாட்டுப் பொருளல்ல என்பதும் அந்தத் தாளிலேயே எழுதப்படட்டும்.

இதில் வெளிநாட்டில் இருக்கும் எங்களுக்கும் நேரடிப் பங்கு உண்டு. மாணவர் தங்கும் வீடுகளில் பல கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்களுடையவை. வாடகை மாதம் தவறாமல் வந்தால் போதும் என்று உறவினரிடம் திறப்பைக் கொடுத்துவிட்டு இருக்கிறோம். ஒரு அறையில் எத்தனை பேர், மலசலகூடத்துக்குக் கதவு பூட்டுமா, கிணற்றடிக்கு வெளிச்சம் உண்டா என்று கேட்பதில்லை. கோயில் திருவிழாவுக்கும் பழைய பள்ளிக்கூடத்து மண்டபத்துக்கும் அள்ளிக் கொடுக்கும் நாங்கள், எங்கள் பெயரில் உறுதி உள்ள வீட்டில் ஒரு மின்குமிழையும் ஒழுங்கான வாடகைப் பத்திரத்தையும் கொடுப்பதற்குப் பல்கலைக்கழகமோ பிரதேச சபையோ முந்தவேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.