செவ்வாய்க்கிழமைக் கல்

எங்கள் சலூனுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வெள்ளிக்கிழமையும் முகத்தில் கத்தி படக் கூடாது என்பாள் பாட்டி. "ரெண்டு நாள் மூடுனா உலை எப்படிம்மா கொதிக்கும்?" என்று அப்பா அதைத் தள்ளிவிட்டார். ஆக, செவ்வாய் மட்டும். மாயவரத்திலிருந்து கும்பகோணம் போகிற சாலையில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, பலகைக் கதவு போட்ட கடை. அன்றைக்கு ஒரே ஒரு பலகையைக் கழற்றி வைப்பார். அந்த ஒரு முழ வெளிச்சத்தில் ஈரச்சாக்கை விரித்து, அதன்மேல் கல்லை வைத்து, சம்மணம் போட்டு உட்காருவார். நான் கத்தி தீட்டப் பழகியது அந்த வெளிச்சத்தில்தான். வருஷம் 1979. எனக்குப் பன்னிரண்டு வயது.

கல் தாத்தாவுடையது. அவருக்குக் கடை கிடையாது. கத்திப் பையான அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார்; கொல்லைப்பக்கம், மாட்டுக்கொட்டகை ஓரம் என்று வீட்டுக்காரர்கள் காட்டிய இடத்தில் குந்தி வேலை பார்ப்பார். கூலி, அறுப்புக்கு அறுப்பு களத்தில் அளக்கிற நெல். எந்த வீட்டுக்குள்ளும் வாசல் வழியாக அவர் போனதில்லை என்று அப்பா ஒருமுறை சொன்னார், கத்தியைத் துடைத்தபடியே, வேறெதையோ சொல்வதுபோல. அப்பா சுழல் நாற்காலியும் பெரிய கண்ணாடியும் வாங்கிக் கடை போட்டதற்குக் காரணம் அதுதான் என்று நானாகப் புரிந்துகொண்டேன். கடைக்கு வருகிறவன் இவர் காட்டிய இடத்தில் உட்கார வேண்டும் அல்லவா.

கத்தி ஜெர்மன் கத்தி. கறுப்புப் பிடிக்குள் மடங்கும். காம்பில் பொடி எழுத்தில் ஏதோ வெட்டியிருக்கும். அது சோலிங்கன் என்கிற ஊர்ப்பெயர் என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. தங்கள் ஊர்ப்பெயரை வெளியாள் எவனும் கத்தியில் பொறிக்கக் கூடாது என்று 1938-இலேயே சட்டம் போட்டுப் பாதுகாத்திருக்கிறார்கள். இதை அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். "இருக்கட்டும். கல்லு மேல வச்சாத்தான் கத்தியோட ஊரு தெரியும்" என்றார்.

முதல் மூன்று செவ்வாய் கத்தியைத் தொடவே விடவில்லை. கல்லைக் கழுவு, சாக்கை நனை, தோல்வாருக்கு எண்ணெய் தடவு. நான்காவது வாரம் பழைய மழுங்கல் கத்தி ஒன்றைக் கையில் கொடுத்தார்.

சவரக்கத்தி தீட்டுவதில் ஒரு விசேஷம் உண்டு. அரிவாளுக்கும் அரிவாள்மணைக்கும் சாய்வு எவ்வளவு என்று தீட்டுகிறவன் கைதான் முடிவு செய்யும். சவரக்கத்தி அப்படியில்லை. அலகின் இரு பக்கமும் குடைந்திருப்பதால், கல்லில் படுக்கவைத்தால் தடித்த முதுகும் மெல்லிய வாயும் மட்டுமே கல்லைத் தொடும். முதுகின் தடிமன்தான் கோணத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டு பக்கமும் சேர்த்து 16, 17 டிகிரி வரும் என்கிறார்கள். அப்பாவுக்கு டிகிரி தெரியாது. "கோணம் கத்திக்கே தெரியும்டா. நீ படுக்க வை, போதும்" என்பார்.

படுக்க வைப்பதுதான் வரவில்லை. கல்லில் வாய் முன்னே போக வேண்டும். முனைக்கு வந்ததும் முதுகின்மேல் புரட்டித் திருப்பி மறுபக்கம் இழுக்க வேண்டும். கல்லின் அகலத்தைவிடக் கத்தி நீளம் என்பதால், குதிகாலில் தொடங்கி நுனியில் முடியும்படி குறுக்காகக் கொண்டுபோக வேண்டும். நான் என்ன செய்வேன் என்றால், கூர் சீக்கிரம் வரட்டும் என்று அழுத்துவேன். மெல்லிய அலகு, அழுத்தினால் நெளியும். "அழுத்தாதடா. கத்தியோட கனம் பத்தாதா, உன் கனமும் எதுக்கு?" ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இதைக் கேட்டிருப்பேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சரியாகப் படுத்த கத்தி கல்லில் ஒரே சீராக முணுமுணுக்கும். முதுகு தூக்கினால் குரல் கீச்சென்று மாறும். தண்ணீரையும் பார்க்கச் சொன்னார். மழுங்கிய வாய் தண்ணீரை முன்னால் தள்ளிக்கொண்டு போகும். கூர் ஏறிய வாய் அடியில் புகுந்துவிட, தண்ணீர் அலகின்மேல் ஏறிப் படரும். ஆறேழு மாதம் கழித்து ஒரு செவ்வாயன்று தண்ணீர் அப்படி ஏறியது. நான் கையை நிறுத்திவிட்டேன். "ஏன்டா நின்ன?" என்றார்.

கல்லுக்கு அப்புறம் வார். ஜன்னல் கம்பியில் மாட்டி இடது கையால் விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும். இங்கே எல்லாம் தலைகீழ்: முதுகு முன்னே, வாய் பின்னே. இந்த ஒன்றை மறந்துதான் புது வாரில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறிவிட்டேன். அடி விழும் என்று நின்றேன். வாரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனிமே அந்தக் கீறல் வரும்போதெல்லாம் உனக்கு ஞாபகம் வரும்" என்றதோடு சரி. கடைசிவரை அந்த வார்தான். கீறலில் கத்தி ஏறுகையில் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும்.

அந்த வருஷம்தான் கணக்கில் தவறிய என்னை ஒரு வாத்தியார் எழுப்பி நிறுத்தி, "நீ செரைக்கத்தான் லாயக்கு" என்றார். வகுப்பு சிரித்தது. என் பக்கத்தில் இருந்தவனுக்கும் அதே வசவு விழுந்திருக்கும். எனக்கு விழும்போது அது வசவாக மட்டும் நிற்காதே. இன்றைக்கும் எவராவது அந்தச் சொல்லை எடுத்தால், அவர் கையில் ஒரு கத்தியையும் கல்லையும் கொடுத்து மூன்று மாதம் உட்காரவைக்கலாம் என்று தோன்றும். லாயக்கு யாருக்கு உண்டு என்று பார்த்துவிடலாம்.

நான் தீட்டிய கத்தி முதல்முதலாகக் கடையில் இறங்கியது ஒரு புதன்கிழமை காலை. அப்பா முதலில் தன் கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். வாரில் இன்னும் பத்து தடவை போட்டார். வந்தவர் அரிசி மண்டிக்காரர், கம்பி மாதிரி தாடி. நுரை போட்டுக் காதோரம் கத்தி வைத்ததும் நான் கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னம் முடிந்து தாடைக்கு வருவதற்குள் அவர் தூங்கிவிட்டார். கழுத்தில் திறந்த கத்தி. மனிதர் லேசாகக் குறட்டை விடுகிறார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நல்லா இருக்கு என்று சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் மேற்கொண்ட ஆய்வில், இந்தியாவில் எச்ஐவி கிருமி இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. பத்திரிகைகளில் வந்தது. எங்கள் கடையில் தினத்தந்தியை ஒருவர் வாசிக்க ஐந்து பேர் கேட்பது வழக்கம்; அன்றைக்கும் அப்படித்தான் கேட்டார்கள். உடனே ஒன்றும் ஆகவில்லை. மெல்ல மெல்ல, நாற்காலியில் உட்காருகிறவர்கள் கத்தியைப் பார்க்கத் தொடங்கினார்கள். அப்பா கண்ணாடி டம்ளரில் டெட்டால் ஊற்றி, கத்தியை அதில் முக்கி எடுத்துக் காட்டிவிட்டுத்தான் கை வைப்பார். ஆனாலும் யாரும் தூங்கவில்லை. பிறகு ஒருவர் சட்டைப்பையிலிருந்து டோபாஸ் பிளேடு ஒன்றை எடுத்து நீட்டினார்: "தப்பா நெனைக்காதீங்க."

அப்பா தப்பாக நினைக்கவில்லை. "உயிர்ப் பயம்டா. அவங்க பயந்தது சரிதான்" என்று என்னிடம் சொன்னார். அடுத்த வாரமே பிளேடு மாட்டுகிற கத்தி வாங்கிவிட்டார். காகிதத்தோடு பிளேடை நடுவில் மடக்கி 'டக்'கென்று ஒடித்து, பாதியை மாட்டி, வேலை முடிந்ததும் எறிந்துவிடலாம். தீட்ட ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமைகளில் கடை முழுதாகவே மூடிக் கிடந்தது. நான் பரீட்சை எழுதி அரசு வேலைக்குப் போய்விட்டேன்.

அப்பா போன பிறகு தகரப் பெட்டியைத் திறந்தேன். கத்தியை விளக்கெண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தார். இரண்டு இடத்தில் மட்டும் துருப்புள்ளி. அடியில் கல். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முன்னால் கிணற்றடிக் கருங்கல்லில் ஆற்றுமணல் தூவி, தண்ணீர் விட்டு, கல்லைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்ப்பார். அந்த வருஷத்தில் விழுந்த குழியெல்லாம் போய்க் கல் பலகை மாதிரி ஆகிவிடும். குழிக்கல்லில் தீட்டினால் கத்தி கெடும் என்பது அவர் கட்சி. அதனால் தாத்தாவின் கைத்தடமோ அவருடைய கைத்தடமோ அதில் மிஞ்சியிருக்க வழியில்லை. ஆனால் இப்போது அதில் ஒரு குழி இருந்தது. கல் புழங்கிய கடைசி வருஷங்களில் அவருக்குக் கண் மங்கிவிட்டது, நான்தான் தீட்டிக்கொண்டிருந்தேன். பிளேடு வந்த வருஷம் கல்லைப் பூஜையில் வைத்தோம். தேய்க்கவில்லை.

குழி நடுவில் இல்லை, இடதுபக்கம் ஒதுங்கியிருந்தது. அந்தப் பக்கம் அழுத்துகிற கை என்னுடையது. அத்தனை வருஷம் அழுத்தியிருக்கிறேன். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.

சமையலறைக் குழாயடியில் வைத்துத் தண்ணீர் விட்டேன். வழிந்தது போக, ஒரு கரண்டித் தண்ணீர் குழியில் நின்றது.