இரவுக் குளிசைகள்

இரவும் இன்று விற்பனைச் சரக்காகிவிட்டது. பகலிலே ஒரு பெயரில் விலைபோகும் தலையிடிக் குளிசை, நீல உறை உடுத்து, 'பி.எம்.' என்ற ஈரெழுத்தைப் பெயரின் வாலிலே சூடிக்கொண்டு, இராக் காலத்துக்கென்றே பிறந்த புது மருந்தாக வெளிவருகிறது. அமெரிக்காவிலே வைத்தியரின் துண்டு எதுவுமின்றி, பாலும் பாணும் வாங்கும் கடையிலேயே இதனை எவரும் வாங்கலாம். நம் வீடுகளுக்கோ இது பார்சலில் வந்து சேர்கிறது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே ஆஸ்பத்திரிகளிலும் மருந்துக் கடைகளிலும் மருந்து அருகிப்போன வேளை, கடல் கடந்து வாழும் பிள்ளைகள் கைக்கு அகப்பட்டதையெல்லாம் கட்டி அனுப்பினர். நெருக்கடி சற்றுத் தணிந்த பின்னும் அப்பழக்கம் நிற்கவில்லை.

எமது பெரியம்மாவுக்கு 74 வயது. வெங்காயத் தறையிலும் புகையிலைத் தோட்டத்திலும் குனிந்து நிமிர்ந்தே தேய்ந்த முழங்கால்கள் அவருடையவை. பகலில் வேலையோடு வேலையாக மறந்திருக்கும் வலி, படுக்கையில் சாய்ந்ததும் நினைவுக்கு வரும். அவர் தலைமாட்டிலே இரண்டு போத்தல்கள் இருந்தன. நியூ ஜேர்சியிலே வாழும் மகள் அனுப்பியது ரைலனோல் பி.எம்.; சென்ற முறை வந்த மருமகன் வைத்துவிட்டுப் போனது அட்வில் பி.எம். பகலில் அவர் விழுங்குவது வழக்கமான பனடோல். மூன்றையும் மூன்று மருந்துகள் என்றே அவர் கருதியிருந்தார். "உது பனடோலில்லைத் தம்பி, அமெரிக்காக் குளிசை. நித்திரையும் வரும், நோவும் போகும்" என்பது அவர் வாக்கு.

நாம் பல்கலைக்கழகத்திலே தமிழ் படித்தோம், மருந்தியல் படித்தோமில்லை. ஆயினும் ஒரு பொருளுக்குப் பல பெயரும், பல பொருளுக்கு ஒரு பெயரும் வழங்குவதை நிகண்டுகளிலே கண்டு பழகியவர்க்கு, போத்தலின் பின்புறத்துச் சிற்றெழுத்தும் ஒரு நிகண்டாகவே தோன்றும். ரைலனோல் பி.எம். குளிசை ஒன்றிலே 500 மில்லிகிராம் அசிற்றமினோபின், 25 மில்லிகிராம் டைபென்ஹைட்ரமீன் என்று எழுதியிருக்கிறது. அசிற்றமினோபின் என்பது வட அமெரிக்காவில் வழங்கும் பெயர். நாம் அதனைப் பரசிற்றமோல் என்கிறோம். பனடோலும் அதுவே. பெரியம்மாவின் அமெரிக்காக் குளிசையிற் பாதி, சந்திக் கடையிலே ஒற்றைக் குளிசையாகக் கூட வாங்கக்கூடிய பொருள்.

மற்றப் பாதியின் கதை சுவையானது. டைபென்ஹைட்ரமீன் நித்திரைக்காகப் பிறந்த மருந்தன்று. 1940களிலே சின்சினாற்றி நகரில் ஜோர்ஜ் ரீவ்ஷல் என்ற இரசாயனவியலாளர் கண்டறிந்த இது, 1946இல் பெனட்றில் என்ற பெயரோடு ஒவ்வாமைக்கு மருந்தாக வந்தது. தும்மலும் தினவும் அடங்கின. கூடவே நோயாளி தூங்கி விழுந்தார். அன்று அது குறை. 1982இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதே பொருளை, வைத்தியர் துண்டின்றி விற்கத்தக்க நித்திரை மருந்தாகவும் ஏற்றுக்கொண்டது. குறை குணமாயிற்று, பக்கவிளைவே பண்டமாயிற்று! நம் ஊரிலே தடிமனுக்கு வாங்கி, "நல்ல நித்திரை வரும்" என்று சொல்லித் தரும் பிரிற்றனும் இதே குலத்துப் பிள்ளைதான்.

அட்வில் பி.எம். குளிசையில் வலிக்கு 200 மில்லிகிராம் ஐபுபுறோபன் உண்டு. நித்திரைக்கு அதே டைபென்ஹைட்ரமீன். அங்கே 25 என்றிருந்தது இங்கே 38 என்றிருக்கக் கண்டு வலிமை கூடியது என மயங்குதல் எளிது. இம்மருந்தை ஏதேனும் ஓர் அமிலத்தோடு சேர்த்து உப்பாக்கியே குளிசை செய்வர். அட்விலில் சேர்ந்த சிற்றேற்று பாரங் கூடியது. எடைதான் கூடிற்று, மருந்து கூடவில்லை. அலீவ் பி.எம். என்பதிலே வலிக்கு நப்றொக்சன், நித்திரைக்கு மறுபடியும் அதுவே. சீக்குவில் என்பதிலே வலி மருந்து நீங்கி அது மட்டும் தனித்து நிற்கிறது. யூனிசம் என்ற பெயரோ பல பொருள் குறித்த ஒரு சொல்: அதன் குளிசையில் இருப்பது டொக்சிலமீன், மென்குளிகையில் இருப்பது டைபென்ஹைட்ரமீன். ஒரே பெயரை நம்பி வாங்குபவர் இரு வேறு மருந்துகளை விழுங்குகிறார்.

ஆக, பல பெட்டிகளின் வேறுபாடு பெரும்பாலும் வலி மருந்திலேதான். அந்த வேறுபாடு அற்பமன்று. பரசிற்றமோல் அளவு மீறினால் ஈரலைத் தாக்கும். ஐபுபுறோபனும் நப்றொக்சனும் இரைப்பையைப் புண்ணாக்கக் கூடியவை. இரத்த அழுத்தமும் சிறுநீரகக் குறைபாடும் உள்ளவர்க்கு ஆகாதவை. பெரியம்மாவுக்கு இரத்த அழுத்தம் உண்டு. அவர் பகலிலே மும்முறை இவ்விரண்டு பனடோல் எடுப்பார்: 3000 மில்லிகிராம். இரவில் இரண்டு ரைலனோல் பி.எம்.: இன்னுமோர் 1000. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளின் மேலெல்லை எனப்படும் 4000 அத்தோடு நிறைந்துவிட்டது. அன்றைக்குத் தடிமன் பிடித்து, பரசிற்றமோல் கலந்த வேறொரு குளிசையையும் விழுங்கினால்? வலி கடுமையான இரவுகளில் இரு போத்தலிலிருந்தும் எடுத்ததாக அவரே சொன்னார். நித்திரை மருந்தும் அவ்விரவுகளிலே இரட்டிப்பாயிற்று.

விடியலிற் கிணற்றடிக்குப் போகையில் அவர் தள்ளாடினார். நா வறண்டது. ஒருநாள் எம்மை எமது தகப்பனார் பெயர் சொல்லி அழைத்தார். வயதின் கோளாறு என்றே வீட்டில் யாவரும் கொண்டனர். போத்தல்களை எடுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அவரோடு போனோம். வைத்தியர் இளம்பெண். "அம்மா, இந்த வயதிலே இது உடம்பை விட்டுக் கெதியிற் போகாது, காலையிலும் இருக்கும்" என்றார். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பியர்ஸ் பட்டியலிலே, முதியோர் தவிர்க்கவேண்டிய மருந்துகளுள் டைபென்ஹைட்ரமீன் இடம்பெற்றிருப்பதைப் பின்னர் அறிந்தோம். குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் தடைப்படல், விழுதல் ஆகியனவே காரணம். பெட்டியிலோ 'பழக்கமாக்காதது' என்று கொட்டை எழுத்தில் ஆறுதல் கூறியிருக்கிறார்கள். சில நாள் தொடர்ந்து எடுத்தால் உடல் அதற்கு இணங்கி, நித்திரை தரும் ஆற்றல் தேய்ந்துவிடும் என்பது பெட்டியில் இல்லை.

ஒரே சரக்குக்குப் பல முகமூடி அணிவிக்கும் வணிகம் ஒருமுறை நீதிமன்றம் ஏறியதுண்டு. நியூரோபன் என்ற குளிசை அவுஸ்திரேலியாவிலே முதுகுவலிக்கு ஒன்று, ஒற்றைத் தலைவலிக்கு ஒன்று, மாதவிடாய் வலிக்கு ஒன்று எனத் தனித்தனிப் பெட்டிகளில் கூடிய விலைக்கு விற்கப்பட்டது. உள்ளே இருந்தது ஒரே மருந்து, ஒரே அளவு. 2015இல் நீதிமன்றம் இதனை மக்களை மயக்கும் செயலெனத் தீர்த்தது. முதலில் 17 இலட்சம் டொலராயிருந்த தண்டம் 2016 இறுதியில் மேன்முறையீட்டிலே 60 இலட்சமாயிற்று. இரவு பகல் என்று பெயர் பிரிப்பதிலே மேலதிக மருந்தொன்று சேர்வதனால் அது சட்டத்துக்கு உட்பட்டதாகிறது. அவ்வளவே.

மருந்தை அதன் சொந்தப் பெயரால் அழைக்கவேண்டும் என்ற குரல் நம் நாட்டிலேயே எழுந்தது. பேராதனையில் மருந்தியற் பேராசிரியராயிருந்த சேனக பிபிலே, பொதுவுடைமைத் தலைவர் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து 1971இல் அளித்த அறிக்கையின் உயிர்நாடி அதுவே. அவ்வாண்டே அரசாங்க மருந்துக் கூட்டுத்தாபனம் அமைந்தது; அவரே அதன் முதல் தலைவர். பன்னாட்டுக் கம்பனிகள் அதனை விரும்பவில்லை என்று சொல்லவும் வேண்டுமா? 1977இல் கயானாவிலே அவர் காலமானார். உயர்தர வகுப்பு மாணவர் முப்பதின்மரிடம் அவர் பெயரைக் கேட்டோம், ஒருவருக்கும் தெரியவில்லை. பனடோல் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நியூ ஜேர்சித் தங்கைக்கு இவற்றை எழுதினோம். அவள் அங்கே முதியோர் இல்லமொன்றிலே இரவு 11 முதல் காலை 7 வரை வேலை செய்கிறாள். பிறர் எழும் வேளையில் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுப் படுக்கவேண்டும். முதியவர்களைத் தூக்கித் திருப்பும் இடுப்பிலும் நோவு. தான் விழுங்குவதையே அவள் தாய்க்கும் அனுப்பியிருக்கிறாள். "எனக்குக் கேட்டதுதானே அம்மாவுக்கும் கேக்கும் எண்டு நினைச்சன் அண்ணா" என்றாள். வேலை நேரத்தை மாற்றமுடியாதா என்றோம். இரவு வேலைக்கு மணிக்குச் சில டொலர் கூடுதலாம். வீட்டுக் கடன் இருக்கிறதாம்.

பெரியம்மா இப்போது வைத்தியர் சொன்ன அளவிற் பனடோல் மட்டும் எடுக்கிறார். முழங்காலுக்குப் பயிற்சியும் உண்டு. தள்ளாட்டம் குறைந்துவிட்டது. ஆயினும் இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறார். அந்நேரம் நியூ ஜேர்சியிலே பிற்பகல் நாலரை. மகள் நித்திரை விட்டெழும் நேரம். இருவரும் தொலைபேசியிலே பேசிக்கொண்டிருப்பது அடுத்த அறையில் எமக்குக் கேட்கும்.