கம்பளி ஆடுகளின் மலையில் ஒரு நாள்

ஆடு என்றால் நம் தோட்டத்து மக்களுக்குப் புதிதா என்ன? லயத்துக்குப் பின்னால் நாலு வெள்ளாடு கட்டாத வீடு அந்தக் காலத்தில் ஏது? வேலை முடிந்து வரும்போதே தழை ஒடித்து வந்து போட்டு, திருவிழாவுக்கு ஒரு கடா, மகள் கல்யாணத்துக்கு இரண்டு என்று கணக்கு வைத்து வளர்த்தவர்கள் அல்லவா நாம்! ஆகவே, ஆக்லாந்து நகரில் தாதியாக வேலை செய்யும் என் தம்பி மகள், "இங்கே வாங்க பெரியப்பா, ஆட்டுப் பண்ணை காட்டுறேன்" என்று அழைத்தபோது என் தாயார் கேட்டார்: "ஆடு பாக்கவா பத்து மணி நேரத்துக்கு மேல பிளேன்ல போகணும்?"

ஆனாலும் சென்ற டிசம்பரில் போனோம். நான், என் மனைவி, பிள்ளைகள் இருவர், அம்மா. அம்மாவுக்கு வயது எழுபத்து நான்கு. கெடாவில் ஒரு தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் பால்மரம் வெட்டியவர். ஆக்லாந்து விமான நிலையத்தில் என் மனைவி கட்டிக் கொண்டுவந்த கறிவேப்பிலை குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. எங்கள் காலணிகளில் மண் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்கள். ஆட்டையும் மாட்டையும் நம்பிப் பிழைக்கும் நாடு. வெளிநாட்டு நோய் உள்ளே வந்துவிடக் கூடாது என்று அத்தனை கவனம்.

ஆக்லாந்திலிருந்து தெற்கே ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் போனால் தெ கூயிட்டி என்ற சிற்றூர். ஊர் எல்லையில் ஆட்டைப் பிடித்து ரோமம் வெட்டும் ஓர் ஆளின் சிலை ஏழு மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. 1994இல் வைத்தார்களாம். மந்திரிக்கும் ராஜாவுக்கும் சிலை வைப்பதைப் பார்த்திருக்கிறோம். கூலிக்கு ஆடு வெட்டுபவனுக்குச் சிலை வைத்த ஊரை அன்றுதான் பார்த்தேன். அம்மா அதன் கீழே நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "பால்மரம் வெட்டறவளுக்கு எங்கயாச்சும் இப்படி வெச்சிருக்கானா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்று இரவு அவ்வூரில் தங்கி, மறுநாள் காலை பண்ணைக்குப் போனோம். தம்பி மகளோடு வேலை செய்யும் ஒரு தாதியின் பெற்றோருக்குச் சொந்தமான இடம். எழுபதைத் தாண்டிய கணவனும் மனைவியும், சுமார் மூவாயிரம் செம்மறிகள், கொஞ்சம் மாடுகள், நாலு நாய்கள். சமதரையே கிடையாது. எங்கு பார்த்தாலும் செங்குத்தான பச்சைக் குன்றுகள். அவற்றில் சோற்றுப் பருக்கை சிந்தியதுபோல் ஆடுகள்.

வேடிக்கையே நாய்களில்தான் இருக்கிறது. இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். ஒன்று குரைத்தே வேலை வாங்கும். மந்தைக்குப் பின்னால் நின்று அது போடும் சத்தத்தில் ஆடுகள் தாமாகவே முன்னே நகரும். இன்னொன்று வாயே திறக்காது. வயிறு தரையில் படப் பதுங்கி, முன்புறம் சுற்றிப் போய், கண்ணாலேயே ஆட்டை முறைத்து நிறுத்தும். கிழவர் வாயில் விரலை வைத்து ஒரு சீழ்க்கை அடித்தால் அரை மைலுக்கு அப்பால் இருக்கும் நாய் இடப்பக்கம் திரும்புகிறது. வேறு மாதிரி அடித்தால் படுத்துவிடுகிறது. என் மகன் அன்று முழுவதும் சீழ்க்கை அடித்துப் பார்த்தான். ஒரு நாயும் அவனைச் சட்டை செய்யவில்லை.

கிழவர் தாமே வாளி தூக்கியும் வாசற்கதவைத் திறந்தும் திரிவதைப் பார்த்து அம்மா, "இந்தத் தொரை என்ன, கூலி ஆளு மாதிரி ஓடுறாரு!" என்று வியந்துகொண்டே வந்தார்.

ரோமம் வெட்டும் கொட்டகைக்குள் நுழைந்ததும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. ஆட்டு நெய் வாசம், வியர்வை வாசம், இயந்திரச் சத்தம், ஓடியாடும் ஆட்கள். "நம்ம பால் ஸ்டோர் மாதிரியே இருக்குடா" என்றார். கொட்டகைக்குத் தரை சட்டங்களால் ஆனது. ஆட்டுப் புழுக்கை இடுக்கு வழியாகக் கீழே விழுந்துவிடும். மூன்று பேர் வெட்டினார்கள். அவர்களில் ஒருத்தி நாற்பது வயதுள்ள மவோரிப் பெண். அம்மா ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து அவளையே பார்க்கத் தொடங்கினார்.

ஆட்டைப் பட்டியிலிருந்து இழுத்து வந்து, மனிதனைப்போல் பின்புறம் தரையில் பட உட்கார வைக்கிறாள். கால் ஊன்ற முடியாததால் ஆடு திமிறுவதில்லை. முதலில் வயிற்று மயிர். அதைத் தனியே வீசி விடுகிறாள். பிறகு தொடை, கழுத்து, அப்புறம் முதுகு நெடுக நீளமான இழுப்புகள். முழங்காலாலும் பாதத்தாலும் ஆட்டைத் திருப்பித் திருப்பி வைக்கிறாள். ஒன்றரை நிமிடத்துக்குள் ரோமம் முழுவதும் ஒரே போர்வையாகக் கழன்று விழுகிறது. வெள்ளை வெளேரென்று மெலிந்துபோன ஆடு ஒரு சறுக்கு வழியாக வெளியே பட்டிக்குள் விழுந்து ஓடுகிறது. உதவியாளர்கள் போர்வையை மேசையில் விரித்து, அழுக்கு ஓரங்களைப் பிய்த்தெறிந்து, அழுத்தும் இயந்திரத்தில் இட்டுப் பொதியாகக் கட்டுகிறார்கள்.

கூலி ஆட்டுக் கணக்கில். வேலை இரண்டு இரண்டு மணி நேரமாக நான்கு வேளை. நடுவே தேத்தண்ணி, சாப்பாடு. தோலில் கத்தி பட்டுவிடக் கூடாது. அதற்குப் பயந்து மேலாக வெட்டிவிட்டு மறுபடி கீழே இழுத்தால் ரோமம் துண்டு துண்டாகி விலை இறங்கிவிடும். தம்பி மகள் இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது அம்மா, "இதை எனக்குச் சொல்லணுமா? பட்டையைத் தாண்டிக் கத்தி போச்சுன்னா மரத்துல காயம். பயந்து மேலாக்கச் சீவினா பாலு வராது. அதே வேலைதான்" என்றார்.

ஒரு வேளை முடிந்ததும் கிழவர் பட்டிக்குப் போய், ஒவ்வொருவருடைய ஆடுகளையும் அவர்கள் கண்ணெதிரே எண்ணி நோட்டில் எழுதினார். இதுதான் அம்மாவை மிகவும் கவர்ந்தது. அவர் காலத்தில் வாளியை நிறுத்துவிட்டுத் தண்ணீர் என்று எவ்வளவு கழித்தார்கள் என்பது கிராணிக்கு மட்டுமே தெரிந்த ரகசியமாயிற்றே!

தேத்தண்ணி வேளையில் கிழவி சுட்ட ரொட்டியோடு உட்கார்ந்தோம். மவோரிப் பெண்ணின் கையை அம்மா பிடித்துப் பார்த்தார். ஆட்டு ரோமத்தின் நெய் ஊறி உள்ளங்கை பிள்ளைக் கைபோல் மெத்தென்று இருந்தது. "இடுப்புதான் போயிடும்" என்று அவள் சைகையில் காட்டினாள். அம்மாவும் தம் இடுப்பைத் தட்டிக் காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அந்தக் கொட்டகையைக் கட்டியவர் கிழவரின் தகப்பனார். ஆண்டு 1951. கொரியப் போரின்போது படைவீரர் உடுப்புக்காகக் கம்பளி விலை வானத்துக்கு ஏறியது. அந்தப் பணத்தில் கட்டியதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அதே போரில்தானே நம் நாட்டு ரப்பர் விலையும் எகிறியது! இறங்கியதும் ஒரே வழியில்தான். ரப்பருக்குப் போட்டியாகச் செயற்கை ரப்பர் வந்தது போல, கம்பளிக்குப் போட்டியாக நைலான் விரிப்பு வந்தது. இந்த மலை ஆட்டின் ரோமம் முரடானது, பெரும்பாலும் தரைவிரிப்புக்குத்தான் ஆகும்.

1982இல் நியூசிலாந்தில் சுமார் 7 கோடி ஆடுகள் இருந்தன. 1984இல் வந்த அரசாங்கம் விவசாயிகளுக்குக் கொடுத்த மானியங்களை நிறுத்தியது. பால் மாடு வளர்ப்பு லாபம் என்று பலர் மாறினார்கள். இப்போது ஆடுகள் இரண்டரைக் கோடிக்கும் குறைவு. 2020க்குப் பிந்திய சில வருடங்களில் இத்தகைய பண்ணைகள் பலவற்றில் ரோமம் விற்ற காசு வெட்டுக்கூலிக்கே போதவில்லையாம். பிறகு விலை சற்றே ஏறியிருக்கிறது. நஷ்டம் என்றாலும் வெட்டாமல் விட முடியாது. ரோமம் மண்டினால் ஈ மொய்த்துப் புழு வைத்து ஆடு செத்துப்போகும். ஆகவே பிழைப்பு இறைச்சியில்தான்.

"உங்கள் ஊரில் செம்மறி உண்டா?" என்று கிழவர் கேட்டார். 1980களில் நம் ரப்பர்த் தோட்டங்கள் சிலவற்றில் மரத்தடிப் புல்லை மேயச் செம்மறி விட்டார்கள், மருந்தடிக்கும் செலவு குறைந்தது என்றேன். மரமும் ஆடும் ஒரே நிலத்தில் இருந்ததைக் கேட்டு அவர் அதிசயப்பட்டார். எதிர்க்குன்றைக் கைகாட்டினார். அங்கே இளம் பைன் மரங்கள் வரிசையாக நின்றன. காற்றிலுள்ள கரியை மரம் உறிஞ்சுகிறது என்று கணக்கிட்டு, அதற்குப் பணம் கிடைக்கும் திட்டம் அந்த நாட்டில் உண்டு. ஆட்டைவிட அதில் வருமானம் அதிகம் என்று பக்கத்துப் பண்ணையை வாங்கி மரம் நட்டுவிட்டார்கள். நட்டபின் ஆளுக்கு வேலை இல்லை. அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. அங்கிருந்து பள்ளி பஸ் ஏறிய மூன்று பிள்ளைகளும் இப்போது இல்லை. இவர்களிடமும் விலை பேசி வந்திருக்கிறார்கள். மகளுக்கு நகரத்தில் வேலை. யாருக்காக வைத்திருப்பது என்று கிழவி கேட்டார். கிழவர் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி மகள் மெல்லச் சொல்லி முடித்ததும் அம்மா சொன்னார்: "எங்க தோட்டத்துலயும் ரப்பரை அழிச்சுச் செம்பனை போட்டாங்க. நாலு ஆளு செஞ்ச வேலைக்கு ஒரு ஆளு போதும்னுட்டாங்க. அப்புறம் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க இல்லை. கோயில்ல விளக்கேத்த ஆளில்லை. மரம் மாறுனா ஆளும் மாறணும்னு அப்பத்தான் தெரிஞ்சது." கிழவி எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். விற்கப் போகிறார்களா, இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடியதாகவும் இல்லை.

அடுத்த வேளை முழுவதும் அம்மா விரல் மடக்கி அந்தப் பெண் வெட்டும் ஆடுகளை எண்ணினார். பன்னிரண்டு மணிக்கு இயந்திரம் நின்றது. கிழவர் பட்டியில் எண்ணிவிட்டு, 73 என்றார். அம்மா, 72 என்றார். கிழவர் சிரிக்காமல் திரும்பப் போய் மறுபடி எண்ணினார். 73தான். நாய் குரைத்தபோது அம்மா திரும்பிப் பார்த்திருப்பார் என்று என் மகள் கிண்டல் செய்தாள்.

கொட்டகைச் சுவரெங்கும் பழைய ஆட்கள் பென்சிலாலும் பொதிக்குக் குறியிடும் மையாலும் எழுதிய பெயர்களும் எண்களும். 1953, 1960, 1977 என்று வருடங்கள். விடைபெறும் நேரத்தில் கிழவர் மைத்தூரிகையை அம்மாவிடம் நீட்டினார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்புவரை படித்தவர் அம்மா. நிதானமாகத் தம் பெயரைத் தமிழில் எழுதினார். பக்கத்தில் 72 என்று போட்டார்.

"பாட்டி, அது 73!" என்றாள் என் மகள்.

"நான் எண்ணினது இதுதான்" என்றார் அம்மா.