கீழலகில் சிவப்பு

ஐம்பத்திரண்டு வயதில்தான் கண்மாய்க் கரையில் தனியாகப் போய் உட்கார்ந்தேன். "யாரோட போற?" என்றார் வீட்டுக்காரர். "யாரும் இல்ல, நான் மட்டும்தான்." "அப்புறம் எதுக்கு?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கருவேலங்கிளையில் ஒரு சிறு நீல மீன்கொத்தி இருந்தது. சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிது. மேலலகு கறுப்பு, கீழலகு சிவப்பு. பறவை பார்க்க வந்திருந்த ஒருவர், "லிப்ஸ்டிக் போட்டிருந்தா பொம்பள" என்று சிரித்தார். அடையாளம் சரிதான், ஆணுக்கு இரண்டு அலகும் கறுப்பு. ஆனால் அதே அலகால்தான் அவள் மண்சுவரைக் குடைகிறாள் என்பதை அவர் சொல்லவில்லை. அதைப் பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

செங்குத்தான கரையில் ஆணும் பெண்ணும் சேர்ந்து இரண்டு முழம் வரை வளை தோண்டுகின்றன. உள்ளே 5 முதல் 7 வெள்ளை முட்டைகள். பகலில் இரண்டும் மாறி மாறி அடைகாக்கும். இரவில் பெண் மட்டும். இதைப் படித்தபோது பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்த இரவுகள் ஞாபகம் வந்தன. பகலில் அவரும்தான் தூக்கி வைத்திருந்தார்.

குஞ்சுகள் பறந்து, இனப்பெருக்கக் காலமும் முடிந்தபின் ஆணும் பெண்ணும் பிரிந்து தனித்தனி எல்லை வகுத்துக்கொள்கின்றன. தன் நீர்ப்பரப்பில் யார் நுழைந்தாலும், துணையாக இருந்தவனே வந்தாலும், அவள் விரட்டுவாள். தினமும் தன் எடையில் பாதிக்குமேல் இரை வேண்டும். அந்த எல்லைதான் அவளுக்குச் சோறு. பறவையிடம் பெண்ணியம் கற்கப் போகவில்லை நான். இருந்தாலும் அந்த வரியை மூன்று முறை படித்தேன்.

இப்போது கரைக்குக் கல் பதித்து நடைபாதை போடப்போகிறார்கள். பெண்கள் பயமில்லாமல் நடக்க ஓர் இடம் வேண்டும் என்று போன வருடம் மனுக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அது இன்னமும் வேண்டும். ஆனால் சுற்றிலும் கல் பதித்துவிட்டால் அவள் எந்தச் சுவரைக் குடைவாள்?

கிழக்குக் கரையை மட்டும் மண்ணாகவே விட்டுவிடச் சொல்லி மறுபடி ஒரு மனு எழுதியிருக்கிறேன். முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவதுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.