உங்க சாமிக்கு என்ன கோவம்?

விசுவாசத்தைப் பற்றித் தமிழில் எழுதுகிறேன் என்றால் வேலையிடத்தில் இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். சிலர், "என்ன ப்ரோ, ஊழியத்துக்குப் போறியா?" என்பார்கள். சிலர் மெல்லப் பேச்சை மாற்றுவார்கள். அடுத்து ஒரு துண்டுப்பிரசுரத்தை நீட்டிவிடுவேனோ என்ற பயம். பிறை தொழிற்பேட்டையில் பராமரிப்புப் பொறியாளன் நான். யாரையும் மாற்றும் எண்ணம் எனக்கில்லை. ஒரே ஒரு கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். கேட்டவர் என் பாட்டி.

அம்மா பிறந்ததே கிறிஸ்தவக் குடும்பத்தில். அப்பா கல்யாணத்தின்போது ஞானஸ்நானம் எடுத்தவர். அப்பாவின் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இன்றுவரை மாரியம்மனை விடாதவர். ஆனால் ஒவ்வொரு ஜூலையும் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுவார். அங்கே போகிற இந்துக்கள் இந்தப் பக்கம் நிறைய பேர். நாங்கள் கத்தோலிக்கர் இல்லை. பாட்டிக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ஒருநாள் கேட்டார்:

"நான் அன்னம்மா கோயிலுக்குப் போறேன்ல? நீ மாரியாத்தா கோயிலுக்கு வந்தா வாசல்லயே நிக்கிற. துன்னூறு குடுத்தா வாங்க மாட்டேங்கிற. உங்க சாமிக்கு எங்க சாமி மேல என்னடா கோவம்?"

என்னிடம் தயாராக இருந்தது, சபையில் கேட்டுப் பழகிய சாட்சி மட்டும்தான். அதற்கு ஓர் அச்சு உண்டு: முன்பு இருளில் இருந்தேன், இப்போது வெளிச்சத்தில் இருக்கிறேன். எங்கள் குடும்பக் கதையை அந்த அச்சில் ஊற்றினால், இருள் என்கிற இடத்தில் பாட்டி உட்கார்ந்திருப்பார். எனக்குச் சோறு ஊட்டி வளர்த்த ஆளை அங்கே வைக்க எனக்கு மனசு வரவில்லை. அதற்காக, 'எல்லா சாமியும் ஒண்ணுதான் பாட்டி' என்று சொல்லி நழுவவும் முடியவில்லை. நான் அப்படி நம்பவில்லை. அன்றிரவுதான் எழுத உட்கார்ந்தேன்.

எழுதும்போதுதான் சொற்களைக் கவனித்தேன். வேதாகமம் என்கிறோம். வேதமும் ஆகமமும் யாருடைய சொற்கள்? தேவன், கிருபை, பக்தி? 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகியவர். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அங்கேயே அச்சாகி முடிந்தது. கடவுளைப் பற்றித் தமிழில் பேச வந்தவர்கள், ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தவர்களிடம்தானே சொல் கடன் வாங்க முடியும்? ஆக, நான் ஜெபிக்கிற தமிழில் பாதி பாட்டி பக்கத்துச் சொத்து.

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையை இந்த இடத்தில்தான் படிக்கத் தொடங்கினேன். 1827-இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியர். 1858-இல் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவி அவர் பாடிய 'இரட்சணிய யாத்திரிகம்' நூலாக வந்தது 1894-இல். நடுவே முப்பத்தாறு வருஷம். கதை இங்கிலாந்திலிருந்து வந்தது. செய்யுளின் நடையோ கம்பனிடம் கற்றது. மதம் மாறியவர், சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த தமிழை வாசலில் கழற்றி வைக்கவில்லை. எனக்குக் கவிதை வராது. ஆனால் பாட்டிக்குப் புரிகிற தமிழில் என் விசுவாசத்தைச் சொல்ல முடியாவிட்டால் அது இன்னும் முழுசாக என்னுடையது ஆகவில்லை என்று தோன்றியது.

பல தடவை எழுதி அடித்த பிறகு கிடைத்த பதில் இரண்டே வரிதான். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசித்துக் காட்டினேன்: "கோவம் எல்லாம் இல்ல பாட்டி. நான் ஒருத்தர்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். அதனால இன்னொரு இடத்துல கை நீட்ட முடியல."

வெற்றிலையை மடித்துக்கொண்டே யோசித்தார்.

"தாலி கட்டிக்கிட்ட மாதிரின்னு சொல்லு."

என் இரண்டு வரியை அடித்துவிட்டு அதை எழுதிக்கொண்டேன். பாட்டி அதோடு விடவில்லை. "சரி, அப்ப நான் செத்தா யாரு எனக்குக் காரியம் பண்ணுவா? உங்கப்பனா, நீயா?" என்றார்.

இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.