குடியிருப்போர் யார்?

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வானகரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் எங்கள் காலனி வந்துவிடும். ஊர்ப் பெயரை எழுதவில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறோம். எழுதினால் நாளைக்கே தண்ணி திறந்துவிடுகிறவன் முகத்தில் முழிக்க வேண்டும்.

2011இல் சென்னை மாநகராட்சியை விரித்தார்கள். 174 சதுர கிலோமீட்டராக இருந்தது 426 ஆனது. பக்கத்து மதுரவாயல் உள்ளே போயிற்று. வானகரமும் எங்களைப் போன்ற ஊர்களும் ஊராட்சியாகவே வெளியில் நின்றன. கோட்டுக்கு இந்தப் பக்கம் விளக்கும் தண்ணீரும் ஊராட்சிக் கணக்கு, மனை விலை மட்டும் பட்டணத்துக் கணக்கு. எங்கள் ஆட்கள் நாற்று நட்ட கழனிகளில் அடுக்ககங்கள் எழும்பின. ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு கிரானைட் பலகை: இன்ன நகர் குடியிருப்போர் நலச் சங்கம்.

அந்த வீடுகளின் குப்பையை அள்ளுகிறவள் என் அண்ணி. தூய்மைக் காவலர் என்று பெயர். காலையில் விசில் ஊதிக்கொண்டு வண்டி தள்ளிப் போவாள். அடுக்ககத்துக் குப்பை முழுவதும் எங்கள் காலனிக் கடைசியில், கூவம் கரையில் போய்க் கொட்டும். எங்கள் தெருவுக்கு வண்டி வராது. அண்ணி தன் வீட்டுக் குப்பையைத் தானே கவரில் கட்டிக்கொண்டு போய்க் கொட்டுவாள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது என்பதே எங்களுக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை.

சங்கம் வைக்கலாம் என்றபோது பெயரில்தான் முதல் சண்டை. இளைஞர் மன்றம் என்றார்கள், முன்னேற்றச் சங்கம் என்றார்கள். பெரியப்பா பிடிவாதமாகச் சொன்னார்: "குடியிருப்போர்னு போடு. அறுபது வருசமா குடியிருக்கோம். ஒருத்தனும் அப்படிக் கூப்பிடல." தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் போதும். நாங்கள் முப்பது பேர் போனோம். ஓர் அலுவலகத்தில் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்த குமாஸ்தா, "காலனி ஆளுங்களுக்கு எதுக்குப்பா நலச் சங்கம்? தாட்கோவுல லோன் கேளுங்களேன்" என்றார். நல்ல மனுஷன்தான். அவருக்கு அது யோசனை, எங்களுக்கு அடி.

2023 ஏப்ரலில் சின்னம்மா ஒருநாள் என்னை நொச்சிக்குப்பத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வானகரம் மீன் மார்க்கெட்டில் கூடையெடுத்துத் தெருத்தெருவாய் விற்கிறவள் அவள். பட்டினப்பாக்கத்திலிருந்து கலங்கரை விளக்கம் போகும் லூப் சாலையில் மீன்கடைகளால் நெரிசல் என்று உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து, மாநகராட்சி கடைகளை அகற்றிய சமயம் அது. குப்பத்துச் சனம் ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. ஒரு ஆயா சொன்னதை சின்னம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்: "மணல்ல நாங்க இருந்தோம். ரோடு பின்னால வந்துச்சு. பின்னால வந்தவன்தான ஒதுங்கணும்?"

கடல்காரர்களும் நாங்களும் ஒன்று என்று நான் எழுதமாட்டேன். 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் கரையில் முகாமிலும் நிவாரணத்திலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை அப்போதே உண்மை அறியும் குழுக்கள் எழுதி வைத்திருக்கின்றன. அதை மறைத்துவிட்டு ஒற்றுமை பேச முடியாது. ஆனால் அவர்கள் கேட்ட விதம் எனக்குப் பிடித்தது. கையேந்திக் கேட்கவில்லை, இடம் எங்களுடையது என்று கேட்டார்கள். 2024 ஆகஸ்டில் அங்கே நவீன மீன் அங்காடி திறந்தார்கள். கட்டடத்துக்குள் போனால் வியாபாரம் படுத்துவிடும் என்று சொன்னவர்களும் உண்டு.

திரும்பி வந்ததும் எங்கள் மனுவை மாற்றி எழுதினேன். 'கருணைகூர்ந்து', 'ஏழை எளிய' எல்லாம் போயிற்று. வீட்டு வரி கட்டுகிறோம், குப்பை வண்டி வரவேண்டும், குழாய் வேண்டும், சுடுகாட்டுக்குப் பாதை வேண்டும். சுடுகாட்டுக்கு முன்பு வரப்பில் போவோம். வரப்பு இருந்த இடத்தில் இப்போது மதிற்சுவர். பிணத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போகிறோம்.

அந்த அக்டோபர் 2, கிராம சபை. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடி. அடுக்ககத்திலிருந்து ஒருவரும் வரவில்லை, அவர்களுக்குத் தேவையுமில்லை. போனிலேயே வேலை முடிந்துவிடும். வழித்தடத்தில் காலனி இல்லையே என்றார் ஓர் அதிகாரி. அண்ணி எழுந்தாள். அவள் பேசுவாள் என்று அண்ணனுக்கே தெரியாது.

"தினமும் ஏழு மணிக்கு அவங்க வாசல்ல விசில் ஊதறேன். என் வாசல்ல ஊதறதுக்கு எனக்கு யாரு சார் ஆர்டர் குடுக்கணும்?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தீர்மானம் எழுதினார்கள். 'காலனிவாசிகள்' என்று எழுதியிருந்ததைப் பெரியப்பா விடவில்லை. அடித்துவிட்டுக் 'குடியிருப்போர்' என்று எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு ரகளையா என்று எனக்குக்கூடச் சலிப்பாகத்தான் இருந்தது.

டிசம்பரில் மிக்ஜாம் புயல். கூவம் எங்கள் வீட்டுக்குள் வந்தது, இடுப்பளவு. தண்ணி வடிந்து சேறு வழிப்பதற்குள் அளவைக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஆற்றுப் புறம்போக்கு, ஆக்கிரமிப்பாளர் பட்டியல் என்றார்கள். நாலு வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் நம்பர் விழுந்தது, அண்ணி வீடும் ஒன்று. கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு ஏற்றிவிடப்பட்டவர்களின் கதை எங்களுக்குத் தெரியும். அங்கே அடுக்குமாடி கிடைத்தது, வேலை இந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஆற்றை ஒட்டி மதில் கட்டிய அடுக்ககத்தில் எந்த நம்பரும் விழவில்லை.

பெரியப்பா உள்ளே போய்த் தீர்மான நகலைக் கொண்டுவந்தார். வரி ரசீதுகளோடு சேர்த்துக் கொடுத்தோம். பட்டியல்காரர் அந்தச் சொல்லை விரலால் தொட்டு வாசித்தார். "ஊராட்சியே குடியிருப்போர்னு எழுதியிருக்கே" என்றார். மேலே கேட்டுச் சொல்வதாகப் போனவர் இன்னும் வரவில்லை. வரமாட்டார் என்று நாங்கள் நினைக்கவில்லை.

குப்பை வண்டி வாரத்தில் மூன்று நாள் எங்கள் தெருவுக்கு வருகிறது. குழாய்க்குப் பள்ளம் தோண்டி, பாதியில் நிற்கிறது. சுடுகாட்டுப் பாதை தீர்மானப் புத்தகத்தோடு சரி. 2025 ஜனவரி 5இல் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் நிர்வாகம் வந்தபோது, பழைய மனுவையெல்லாம் புதிதாக எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தோம். இந்த முறை முதல் கையெழுத்து அண்ணியுடையது.