எட்ட நின்று எடுக்கும் முத்து

தூத்துக்குடி என்றதும் கற்றோர் நினைவில் முதற்கண் தோன்றுவது முத்தே. பொருநையாறு கடலொடு கலக்குமிடத்தை அடுத்து விளங்கிய கொற்கைத் துறையின் முத்தைச் சங்கச் சான்றோர் புகழ்ந்து பாடினர். கடலடியில் சிப்பிகள் செறிந்து கிடக்கும் திட்டினை இக்கரையார் 'பார்' என்று வழங்குவர். முத்துக் குளிப்போர் கயிற்றிற் கட்டிய கல்லின் துணையால் விரைந்து இறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பிகளை வாரிக்கொண்டு மேலேறினர். ஆயின், சிப்பிதோறும் முத்து விளைவதில்லை. நல்ல முத்து ஒன்று கைக்கு வருமுன் எண்ணிறந்த சிப்பிகள் திறக்கப்பெற்று உயிர் நீங்கின. நாளடைவில் பார்களின் வளம் குன்றியது. 1961-ஆம் ஆண்டோடு இக்கடலில் முத்துக் குளிப்பு நின்றுபோயிற்று.

அதே கரையில் இன்று வேறொரு முத்தைத் தேடி வருவோர் உளர். அவர்கள் கடலுள் இறங்குவதில்லை. எந்த உயிரையும் தொடுவதுமில்லை. தோளில் படக்கருவியும் கையில் முக்காலியுமாக விடியற்காலையில் உப்பளத்து வரப்பில் நின்று, வானத்தில் வட்டமிடும் வேட்டைப் பறவைகளை நிழற்படமாகப் பிடிக்கின்றனர். சிப்பியைத் திறவாமலே முத்தெடுக்கும் கலை இது. இதன் நுட்பம் முழுவதும் 'எட்ட நிற்றல்' என்னும் ஒன்றில் அடங்கியுள்ளது.

அகப்பொருள் இலக்கணம் பருந்தையும் எருவையையும் கழுகையும் பாலை நிலத்துப் புட்களாகக் கூறும். ஆயினும், ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்தும் வரலாம் என்று இலக்கண நூலார் இடம் தந்துள்ளனர். அவ்விதிக்குத் தூத்துக்குடியின் நெய்தல் நிலம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும். மீன்பிடி துறையின் மேல் கள்ளப் பருந்துகள் கூட்டமாகச் சுழலும். செந்நிற உடலும் வெண்ணிறத் தலையும் வாய்ந்த செம்பருந்தைக் கருடன் எனக் கொண்டு மக்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வர். சிறகு விரித்தால் இரண்டு மீட்டர் அளவு தோன்றும் வெண்வயிற்றுக் கடற்கழுகு, மீனோடு கடற்பாம்பையும் கவர்ந்து உண்ணும். குளிர்காலத்தில் வடநாடுகளிலிருந்து விராலடிப்பான் வந்து சேரும். அதன் பாதங்களின் அடியில் முட்போன்ற சொரசொரப்பு உண்டு. புறவிரலை முன்னும் பின்னும் திருப்பவும் அதற்கு இயலும். ஆதலின், வழுக்கும் மீனும் அதன் பிடியினின்று எளிதில் நழுவுவதில்லை. தாழப் பறந்து சதுப்பு நிலங்களைத் துழாவும் பூனைப்பருந்தும், பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விரைவை எட்டும் பொரி வல்லூறும் குளிர்கால விருந்தினரே.

இப்பறவைகளை ஏன் அணுகலாகாது? ஒவ்வொரு பறவையும் தன்னைச் சுற்றிக் கண்ணுக்குப் புலனாகாத ஓர் எல்லையை வகுத்துக்கொண்டுள்ளது. அவ்வெல்லைக்கு அப்பால் மனிதன் நிற்கும்வரை அது தன் தொழிலைச் செய்யும். எல்லையைக் கடந்தால் தன் தொழிலை விட்டு அவனையே நோக்கும். கழுத்தை நீட்டுதல், இரை கொத்துவதை நிறுத்துதல், உடலை முன்சாய்த்தல், எச்சமிடுதல் ஆகியவை அது பறக்கப் போவதன் அறிகுறிகள். இவற்றைக் கண்டதும் பின்வாங்குபவனே நல்ல படப்பிடிப்பாளன். பறந்தால் என்ன குறை என்று கேட்கலாம். விராலடிப்பான் பாயும்போதெல்லாம் மீன் அகப்படுவதில்லை. பலமுறை பாய்ந்து பெற்ற ஒரு மீனைக் கம்பத்தின் மேலமர்ந்து நெடுநேரம் உண்பது அதன் இயல்பு. அந்நேரத்தில் வெருட்டப்பட்டால் இரை கைநழுவிப் போகலாம். அல்லது துரத்திவரும் பருந்துகள் அதனைப் பறித்துக்கொள்ளலாம். ஒருவன் ஒரு படத்தின் பொருட்டுப் பறவையின் ஒருநாள் உணவைக் கெடுப்பது முறையாகுமா?

கூட்டருகே நிகழும் தீங்கோ இதனினும் கொடியது. தாய்ப்பறவை அஞ்சி எழுந்தால், நண்பகல் வெயிலில் முட்டைகள் வெறிதே கிடக்கும். சிறிது நேரத்தில் உள்ளிருக்கும் கரு மடியக்கூடும். காத்திருக்கும் காகங்கள் முட்டையையும் குஞ்சையும் கவர்ந்து செல்லும். தலைக்கு மேல் ஒரு பறவை இடைவிடாது கத்திச் சுழன்றால், கூடு அண்மையில் உள்ளது என்று உணர்ந்து உடனே விலக வேண்டும். கூடிருக்கும் இடத்தைப் பிறர் அறிய வெளியிடலும் ஆகாது.

அவ்வாறாயின், எட்ட நின்று எங்ஙனம் படம் எடுப்பது? இங்கே அறிவியல் துணைநிற்கிறது. சாதாரணப் படச்சுருள் கருவியில் 50 மில்லிமீட்டர் குவியத் தூரம் உடைய வில்லை பொருந்தியிருக்கும். அதனிடத்தில் 500 மில்லிமீட்டர் வில்லையைப் பொருத்தினால் உருவம் பத்து மடங்கு பெரிதாகும். நூறு மீட்டர் தொலைவிலுள்ள பறவை பத்து மீட்டரில் இருப்பதுபோல் தோன்றும். ஆனால், உருவம் பெருகும் அளவுக்கு நடுக்கமும் பெருகும். ஆகவே, கருவியை முக்காலியில் நிறுத்துதல் வேண்டும். பறக்கும் புள்ளின் சிறகு தெளிவாக விழ, ஒளி நுழையும் கதவு ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறந்து மூட வேண்டும்.

வில்லையால் வெல்ல முடியாத பகை ஒன்றும் இக்கரையில் உண்டு. வெயில் ஏற ஏற, உப்பளத் தரையிலிருந்து சூடேறிய காற்று அலையலையாய் எழும்பும். அதனூடே நோக்கினால் தொலைவிலுள்ள பொருளெல்லாம் நீரில் அசையும் நிழல்போல் நெளியும். விலைமிக்க கருவியும் அப்போது பயன்படாது. எனவே, கதிர் வெம்மை கொள்ளுமுன்பும், மாலையில் வெம்மை தணிந்த பின்பும் தொழில் செய்வர். கடல் கிழக்கே இருத்தலின், காலையில் கடலை நோக்கினால் பறவை கரிய நிழலாகவே படியும். அப்போது கடலுக்கு முதுகு காட்டி உப்பளங்களைப் பார்க்க வேண்டும். மாலையில் கடலைப் பார்க்கலாம். பறவை காற்றை எதிர்த்தே எழும். காற்றை எதிர்த்தே அமரும். காற்று தன் முதுகில் படுமாறு நிற்பவனுக்கே அதன் முகம் காணக் கிடைக்கும். செம்பருந்தின் வெண்தலைக்குத் தக்கவாறு ஒளியை அளந்தால்தான் அத்தலை வெறும் வெள்ளைத் திட்டாகாமல் தூவிகள் தோன்றும். இவற்றையெல்லாம் பொறுமை கற்பிக்குமேயன்றிப் பொருள் கற்பிக்காது.

இப்பொறுமையைத் தம் வாழ்வாகக் கொண்டவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் இளைய மைந்தராகிய இவர், 1912-ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்தார். தூத்துக்குடியும் அக்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்தையே சார்ந்திருந்தது. பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே ஒரு பெரிய படக்கருவி அமைத்து, அதற்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டார். யானை முதலிய விலங்குகளையும் பறவைகளையும் அவை வாழும் காட்டிலேயே கருப்பு வெள்ளைப் படங்களாக எடுத்தார். 1950 முதல் 1996-இல் தாம் மறையும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கையைப் பற்றி இடையறாது எழுதினார். அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. ஓர் உயிர் தன்னியல்பில் வாழ்வதைக் காட்டுவதே படத்தின் பயன் என்பதை அவருடைய படங்கள் இன்றும் உணர்த்துகின்றன.

பிறநாட்டார் வரலாறும் இவ்வுண்மைக்குச் சான்று பகரும். இங்கிலாந்தில் ரிச்சர்டு கேர்ட்டன், செர்ரி கேர்ட்டன் என்னும் உடன்பிறந்தார் இருவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பறவைகளைப் படம் பிடிக்கத் தொடங்கினர். தொலைவில்லை எளிதில் கிட்டாத காலம் அது. ஆதலின் அவர்கள் எருதின் தோலால் பொய்யுருவம் ஒன்று செய்து, அதனுள் ஒளிந்திருந்து பறவைகளை அணுகினர். மனிதனைக் கண்டால் புள் அஞ்சும் என்பதை அறிந்து, தம்மை மறைத்துக்கொண்டனர். அந்நாட்டவரே ஆகிய எரிக் ஹாஸ்கிங், 1937-ஆம் ஆண்டு ஆந்தை ஒன்றின் கூட்டருகே இருளில் சென்றார். குஞ்சுகளைக் காக்க அவ்வாந்தை அவர் முகத்தில் பாய்ந்தது. அவர் இடக்கண்ணை இழந்தார். எனினும், அவர் அப்பறவையை வெறுத்தாரில்லை. ஒரு கண்ணோடே தம் கலையைத் தொடர்ந்து பெரும்புகழ் எய்தினார். எல்லையைக் கடந்தவரிடம் தாய்ப்பறவை தன் கடமையைச் செய்தது என்பதன்றி வேறென் சொல்வது?

பறவையிடம் செல்லாமல் பறவையைத் தம்மிடம் வரவழைப்போரும் உளர். மலேசியாவின் லங்காவித் தீவில் படகோட்டிகள் கோழிக் கழிவை நீரில் எறிய, செம்பருந்துகளும் கடற்கழுகுகளும் கூட்டமாக இறங்கும். பயணிகள் படம் எடுத்து மகிழ்வர். வேட்டையாடி வாழும் பறவை எறிந்ததை உண்டு வாழப் பழகினால் தன் தொழிலையே மறக்கும் என்று இயற்கை ஆர்வலர் இவ்வழக்கத்தைக் கண்டிக்கின்றனர். அப்படத்தில் காணப்படுவது பருந்தின் உருவமேயன்றிப் பருந்தின் வாழ்வு அன்று.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைகளுக்குக் காப்பளிக்கிறது. தூத்துக்குடி முதல் பாம்பன் வரை பரந்துள்ள மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாயின. இசைவின்றி அத்தீவுகளில் எவரும் இறங்கலாகாது. எனினும், விரிந்து கிடக்கும் உப்பளத்திலும் மீன்பிடி துறையிலும் ஒவ்வொருவரையும் தொடர்ந்து கண்காணிக்கச் சட்டத்தால் இயலாது. அங்கே காவல் நிற்க வேண்டியது அவரவர் நெஞ்சமே.

எட்ட நின்று எடுத்த படத்தில் பறவை சிறியதாகத் தோன்றும் என்று சிலர் குறை கூறுவர். அது குறையன்று. அப்படத்தில் விராலடிப்பான் அமர்ந்த கம்பம் தெரியும். அதன் பின்னே வெண்ணிற உப்புக் குவியல்கள் தெரியும். அவற்றுக்கும் அப்பால் வ. உ. சிதம்பரனார் துறைமுகத்தின் பளுதூக்கிகள் தெரியும். கப்பலும் உப்பும் மீனும் மனிதரும் நிறைந்த இக்கரையில் பறவைக்கும் ஓர் இடம் உண்டு என்பதை அப்படம் சொல்லாமற் சொல்லும். படத்தை எடுத்தவன் கருவியை மடக்கிக்கொண்டு இல்லம் திரும்பும்போது, பறவை தன் கம்பத்தில் இருந்தபடியே மீனை உண்டுகொண்டிருக்கும். முத்தும் கிடைத்தது, சிப்பியும் உயிரோடு இருக்கிறது.